மவுண்டன் பைக்குக்கு ட்ரொப் பார் போடுறன், கியர் ஷிஃப்டருக்கு எதை எடுக்கிறது?

வெள்ளவத்தை_பெடல்

வணக்கம் அண்ணாமார் அக்காமார். என்னட்ட இருக்கிறது ஜப்பான்ல இருந்து வந்த ஒரு பழைய 26 இஞ்ச் மவுண்டன் பைக். 2022ல பெற்றோல் லைன் காலத்தில சனம் சைக்கிளுக்கு அலைஞ்ச நேரம் வாங்கினது. ஸ்டீல் ஃப்ரேம், சஸ்பென்ஷன் இல்லாத சாதா ஃபோர்க், முன்னுக்கு மூண்டு ரிங் (பெரிசு 42 பல்லு, சின்னது 22), பின்னுக்குக் கசெட்டில எட்டுப் பல்லுச் சக்கரம் (பெரிசு 32 பல்லு), பின் டிரேலியர் (செயினைச் சக்கரத்துக்குச் சக்கரம் தள்ளுற சாமான்) ஷிமானோ ஏசரா, பிரேக் வி-பிரேக் (ரெண்டு நீளக் கை ரிம்மைப் பிடிக்கிறது). ஃப்ரேம் நல்ல ஃப்ரேம், ஒரு இடத்திலயும் கறள் இல்ல, அதால விக்க மனம் வரேல்ல.

வேலைக்கு வெள்ளவத்தையில இருந்து பத்தரமுல்லைக்குப் போறன், ஞாயிறு விடிய மரீன் டிரைவ் வழியா காலிமுகத்திடல் தாண்டி நீர்கொழும்பு பக்கம் ஓடுறது, கடற்காத்து முகத்தில அடிக்கேக்க நேர் ஹேண்டிலைப் பிடிச்சுக்கொண்டு நிமிர்ந்து இருந்து ஓடுறது சரியான கரைச்சல், மணிக்கட்டும் நோகுது, அதால ட்ரொப் பார் (ரேஸ் சைக்கிளில மாதிரிக் கீழ வளைஞ்ச ஹேண்டில்) போடுவம் எண்டு 44 சென்ரிமீட்டர் அலுமினியம் பார் ஒண்டு வாங்கி வச்சிருக்கிறன்.

இப்ப பிரச்சினை ஷிஃப்டர். இருக்கிற ட்ரிகர் ஷிஃப்டர் (பெருவிரலால தள்ளுற கியர் லீவர்) ட்ரொப் பாருக்குள்ள போகுதில்ல. ஒரு கடையில கேட்டா கிளாம்பை அராவிப் பெருப்பிச்சுப் போடலாம் எண்டு சொல்லீனம், எனக்கு அது மனசுக்குப் பிடிக்கேல்ல. இன்னொரு இடத்தில ஷிமானோ கிளாரிஸ் எஸ்டிஐ (பிரேக் லீவரோடயே கியர் லீவரும் சேர்ந்தது) சோடி இருக்கு, அதைப் போட்டா எல்லாம் சரி எண்டு சொல்லீனம். நெட்ல பாத்தா பார் எண்ட் ஷிஃப்டர் (பாரின்ர முனையில மாட்டுற கியர் லீவர்) எண்டு இன்னொண்டு இருக்கு. எதை எடுத்தா என்ர ஏசராவோட வேலை செய்யும்? மூண்டு ரிங்கையும் வச்சிருக்க விருப்பம், ஏனெண்டா நுவரெலியா பக்கம் பை கட்டிக்கொண்டு ஏற ஆசை இருக்கு. காசு அளவாத்தான் இருக்கு, பிழையான சாமானை வாங்கிப்போட்டு இக்மன் சைட்டில விக்கிற நிலைமைக்கு வரக்கூடாது.

கேபிள்_கட்டர்

தம்பி, அந்த அராவுற வேலையை மட்டும் செய்ய விடாதேங்கோ. நேர் ஹேண்டில்ல கைபிடி வாற இடம் 22.2 மில்லிமீட்டர், ட்ரொப் பார் 23.8. ஒண்டரை மில்லி வித்தியாசம்தானே எண்டு அராவினா கிளாம்ப் மெலிஞ்சு ஒரு நாள் இறுக்கேக்கயே வெடிக்கும். அது மட்டும் இல்ல, ட்ரிகரை எப்பிடியாவது மாட்டினாலும் வளைவில கை வைக்கேக்க பெருவிரல் அங்க எட்டாது.

ஷிஃப்டரை யோசிக்க முதல் பிரேக்கை யோசியுங்கோ. உங்களுக்கு இருக்கிறது வி-பிரேக். அதுக்கு லீவர் நிறையக் கேபிள் இழுக்கோணும். ரோட் பைக் லீவர் எல்லாம், கிளாரிஸ் எஸ்டிஐயும் சேர்த்துத்தான், கொஞ்சமாத்தான் இழுக்கும். எஸ்டிஐயைப் போட்டு இருக்கிற வி-பிரேக்கோட கட்டினா லீவர் பார் வரைக்கும் வந்து முட்டும், பிரேக் பிடியாது. காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ்ஸுக்குப் பின்னால அந்த சைக்கிளை ஓடிப் பாக்கிற எண்ணமே வேண்டாம். கடைக்காரர் "எல்லாம் சரி" எண்டு சொன்னது கியருக்குச் சரி, பிரேக்கைப் பற்றி அவர் யோசிக்கேல்ல.

கியர் பக்கம் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு. ஷிமானோவில 7, 8, 9 ஸ்பீட் காலத்து ரோட் டிரேலியரும் மவுண்டன் டிரேலியரும் ஒரே கணக்கில அசையும், ஒரு மில்லி கேபிள் இழுத்தா டிரேலியர் ஏறக்குறைய 1.7 மில்லி அசையும். அதால அனேகமா எந்த ஷிமானோ 8 ஸ்பீட் ரோட் ஷிஃப்டரும் உங்கட ஏசராவோட டக் டக் எண்டு விழும். கசெட்டில எத்தின பல்லுச் சக்கரம் இருக்கோ அத்தின ஸ்பீட் ஷிஃப்டர், அவ்வளவுதான் விதி. 10 ஸ்பீட் மவுண்டன் டிரேலியர் எண்டா கதை மாறும், டைனாசிஸ் எண்டு ஷிமானோ கணக்கையே மாத்திப்போட்டான், அது ரோட் 10 ஸ்பீடோட சேராது. எவராவது "10 ஸ்பீட் டியோர் டிரேலியர் மலிவா இருக்கு, இதையும் மாத்துங்கோ" எண்டு சொன்னா வாங்காதேங்கோ.

சிக்கல் முன்னுக்குத்தான். முன் டிரேலியருக்கு ரோட்டும் மவுண்டனும் இழுக்கிற அளவு வேற வேற. இடது பக்க எஸ்டிஐயில இருக்கிற கிளிக் உங்கட மூண்டு ரிங்குக்கு நேரா வந்து நிக்காது. நடு ரிங்ல ஓடேக்க செயின் முன் டிரேலியரின்ர கூட்டில உரசிக்கொண்டே இருக்கும், இல்லாட்டி சின்ன ரிங்குக்கு விழாது. ரோட் முன் டிரேலியர் வாங்கிப் போடுவம் எண்டாலும் அந்தக் கூடு 50 பல்லு ரிங்குக்கு வளைச்சது, உங்கட 42 பல்லுக்கு வளைவு பொருந்தாது, மவுண்டன் கிராங் (பெடல் தண்டும் ரிங்கும்) வெளியால தள்ளியும் நிக்கும்.

அதால நான் சொல்றது பார் எண்ட் ஷிஃப்டர். ஷிமானோ பிஎஸ்64 எண்டா 8 ஸ்பீட், பிஎஸ்77 எண்டா 9 ஸ்பீட், ரெண்டும் பழசு எண்டாலும் நல்ல சாமான். புதுசு வேணும் எண்டா மைக்ரோஷிஃப்ட் 8 ஸ்பீடுக்கும் செய்யிறான். இடது பக்கம் கிளிக்கே இல்லாத ஃப்ரிக்‌ஷன், நீங்கள் எவ்வளவு தள்ளுறீங்களோ அவ்வளவு அசையும், அதால எந்த முன் டிரேலியர், எத்தின ரிங் எண்ட பிரச்சினையே இல்ல. செயின் உரசினா சுண்டுவிரலால ஒரு பொட்டுத் தள்ளிவிட்டாப் போதும். ஷிமானோவில வலது பக்கத்திலயும் ஒரு சின்ன வளையம் இருக்கு, அதைத் திருப்பினா கிளிக் நிண்டு ஃப்ரிக்‌ஷனாகும். கிராமத்துப் பக்கம் போய் டிரேலியர் ஹேங்கர் (டிரேலியரை ஃப்ரேமில தாங்கிற துண்டு) வளைஞ்சா, கிளிக் எல்லாம் குழம்பினா, வளையத்தைத் திருப்பிப்போட்டு வீட்டை வந்து சேரலாம்.

பிரேக் லீவருக்கு டெக்ட்ரோ ஆர்எல்520 எடுங்கோ. பாக்கிறதுக்கு ரோட் லீவர், ஆனா வி-பிரேக்குக்கு ஏத்த மாதிரி நிறைய இழுக்கும். அப்ப உங்கட வி-பிரேக்கை மாத்தத் தேவையில்ல, டிரேலியர் ரெண்டும் அப்பிடியே, கிராங் அப்பிடியே. வாங்கிறது ஷிஃப்டர் ஒரு சோடி, லீவர் ஒரு சோடி, கேபிள், டேப்.

பின்னேர_ரைட்

கேபிள் அண்ணா சொல்றது முழுக்கச் சரி, ஆனா எஸ்டிஐயை அப்பிடியே தள்ளி வைக்க வேண்டாம். நான் தெஹிவளையில இருந்து மருதானைக்கு வேலைக்குப் போற ஆள், எனக்கு எஸ்டிஐதான் வேணும், காரணம் இருக்கு.

கொழும்புக்குள்ள ஓடேக்க ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா நிக்கோணும் எழும்போணும். த்ரீவீல் குறுக்கால வரும், பஸ் ஹோல்ட்டுக்கு வெட்டி எடுக்கும், சிக்னல் விழும். அந்த நேரம் கை பிரேக்கில இருக்கோணும், அதே நேரம் கியரும் குறைக்கோணும். பார் எண்ட் எண்டா கியர் மாத்த ஒவ்வொருக்காலும் கையைக் கீழ இறக்கோணும், அந்த ஒரு செக்கன் ஒரு கை பிரேக்கில இல்ல. பத்தரமுல்லைப் பக்கம் ஒஃபிஸ் நேரத்து ட்ரஃபிக்கில இது சின்ன விசயம் இல்ல தம்பி. நீங்கள் கிழமையில அஞ்சு நாள் ஓடுறது அங்க, நுவரெலியா வருசத்தில எப்பவோ ஒருக்கா.

என்ர சைக்கிளும் 26 இஞ்ச் மவுண்டன்தான். ஷிமானோ சோரா 9 ஸ்பீட் எஸ்டிஐ, பின்னுக்கு 9 ஸ்பீட் டியோர் டிரேலியர், ஒரு பிரச்சினையும் இல்லாம விழுது. பிரேக்குக்கு மினி வி-பிரேக் போட்டிருக்கிறன், கை நீளம் 85 மில்லி. சாதாரண வி-பிரேக் 100க்கு மேல வரும், கை கட்டையானா கேபிள் கொஞ்சம் இழுத்தாலும் பிடிக்கும். நல்லாவே பிடிக்குது. ஆனா இதையும் சொல்லோணும், மினி வி-யில பிரேக் கட்டை ரிம்முக்குக் கிட்டத்தான் நிக்கும், வீல் கொஞ்சம் நெளிஞ்சாலே உரசும், தடிச்ச டயரும் மட்கார்டும் போட்டா மேல கேபிள் போற குழாயில முட்டும். நான் ஓடுறது 1.5 இஞ்ச் வழுக்கை டயர், அதால எனக்குச் சரி. நீங்கள் 2 இஞ்ச் டயரை வச்சிருக்கப் போறீங்கள் எண்டா முதல் அளந்து பாருங்கோ.

முன்னுக்கு நான் ஒரு ரிங்தான், 38 பல்லு. இடது எஸ்டிஐ சும்மா பிரேக் லீவரா மட்டும் இருக்கு. கொழும்பு தட்டை, எனக்கு அது காணும். கை சின்ன ஆக்களுக்கு இன்னொரு விசயம், சோரா, கிளாரிஸ் ரெண்டிலயும் லீவரைப் பாருக்குக் கிட்டக் கொண்டுவர ஸ்க்ரூ இருக்கு, வாங்கின கையோட அதைத் திருப்பிச் சரி பண்ணுங்கோ.

ஷிஃப்டரை விட முக்கியமா ஒண்டு: கை எட்டுற தூரம். மவுண்டன் ஃப்ரேம் நேர் ஹேண்டிலுக்கு எண்டு நீளமாச் செய்யிறது. ட்ரொப் பார் போட்டா கை வைக்கிற இடம் இன்னும் 8, 10 சென்ரிமீட்டர் முன்னால போகும். கட்டை ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கிற தண்டு) ஒண்டு, 50 இல்லாட்டி 60 மில்லி, சேர்த்து வாங்குங்கோ, இல்லாட்டி மணிக்கட்டு நோவு போய் கழுத்து நோவு வரும்.

லயத்து_ரோடு

நான் ஹட்டன் பக்கத்து ஆளுங்க, இப்ப கொட்டாஞ்சேனையில இருக்கேன். மலையில ஓடுறவன் பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

அக்கா சொன்ன ஒரு ரிங் கொழும்புக்கு ரொம்ப நல்லது. 38 பல்லு முன்னாடி, 11 பல்லு பின்னாடி, 26 இஞ்ச் வீல், நிமிஷத்துக்கு 90 தடவை மிதிச்சா மணிக்கு 38 கிலோமீட்டர் போகும், மரீன் டிரைவ்ல அதுக்கு மேல யாருக்கு வேணும். ஆனா தம்பி நுவரெலியான்னு சொல்லிட்டாருல்ல. ஊர் 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, கண்டியில இருந்து றம்பொடை வழியா போனா ஏத்தம் முடியவே முடியாது, ஒரு வளைவு திரும்பினா அடுத்த ஏத்தம் நிக்கும். அங்க முன்னாடி 38, பின்னாடி 34 பல்லுன்னா பை கட்டின சைக்கிளை நின்னுக்கிட்டுத்தான் மிதிக்கணும், முழங்கால் போயிரும். அவர்கிட்ட இப்ப இருக்குற 22 பல்லு சின்ன ரிங்கும் 32 பல்லு கசெட்டும்னா அதைவிட ஐஞ்சுல ரெண்டு பங்கு லேசு. உட்கார்ந்துக்கிட்டே, தேயிலையைப் பார்த்துக்கிட்டே ஏறலாம். அந்த சின்ன ரிங்கை கழட்டிப் போடச் சொல்ல எனக்கு மனசு வரல.

அதனால நான் பார் எண்ட் பக்கம். மழை, மண், புகை எது பட்டாலும் உள்ள கெட்டுப்போக பெருசா ஒண்ணும் இல்ல. எஸ்டிஐ உள்ள பல்லு, ஸ்பிரிங்குன்னு நுணுக்கமா இருக்கும், கிரீஸ் காய்ஞ்சு இறுகிட்டா கிளிக் பிடிக்காம லீவர் சும்மா ஆடும், செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது இதைத்தான் முதல்ல பார்க்கணும். எல்லா கிளிக்கும் மேலயும் கீழயும் விழுதான்னு கையால தட்டிப் பார்க்காம காசு குடுக்காதீங்க.

பார் எண்ட்ல குறையும் இருக்கு. சைக்கிளை சுவத்துல சாத்தி வச்சா முதல்ல அடி வாங்குறது அதுதான். ஏத்தத்துல எழும்பி மிதிக்கும்போது முழங்கால் தட்டி கியர் மாறும், பாரோட அடிப்பகுதி நீளமா இருந்தா ரெண்டு சென்டிமீட்டர் வெட்டிட்டா சரியாயிரும். ரயில்ல போடும்போது லீவரைச் சுத்தி பழைய ட்யூப் துண்டு ஒண்ணு கட்டிருங்க.

ட்ரொப் பார் மவுண்டன் பைக் ஏதோ இப்ப வந்த ஃபேஷன்னு சில பேர் சொல்றாங்க, அப்படி இல்ல. 1990ல அமெரிக்காவுல டுராங்கோவுல நடந்த முதல் மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்ல ஜோன் டோமாக் ட்ரொப் பார்லதான் ஓடினாரு. அவர் ரோட் ரேஸும் ஓடிக்கிட்டு இருந்த ஆளு, கை நிலை ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும்னு பார்த்திருக்காரு. உங்க மாதிரி பழைய ஃப்ரேம் இதுக்கு ரொம்ப தோது, இப்ப வர்ற மவுண்டன் ஃப்ரேமோட பார்த்தா நீளம் குறைவு.

வெள்ளவத்தை_பெடல்

மூண்டு பேருக்கும் பெரிய நன்றி, பிரேக் விசயத்தை ஒருத்தரும் எனக்கு முதல் சொல்லேல்ல. அக்கா சொன்ன ட்ரஃபிக் கதை யோசிக்க வைக்குது, எண்டாலும் மினி வி எனக்குச் சரிவராது, டயர் 1.95, மழைக்காலத்தில மட்கார்ட் இல்லாம ஒஃபிஸ் போகேலாது. அதால பார் எண்டும் ஆர்எல்520உம் எண்டு முடிவெடுத்திட்டன். 8 ஸ்பீட் பிஎஸ்64 சோடி ஒண்டு பாவிச்சது கிடைக்குது. இன்னும் ரெண்டு கேள்வி: இருக்கிற பழைய கேபிளையே பாவிக்கலாமா, அடுத்தது ட்ரஃபிக்கில கியர் மாத்திறதுக்கு வேற வழி ஏதும் இருக்கா?

கேபிள்_கட்டர்

கேபிளைப் புதுசா வாங்குங்கோ. பிரேக் கேபிள் பழசு சரிவராது, ஏனெண்டா அந்தத் தலை வேற. மவுண்டன் லீவருக்குள்ள போற தலை உருளையா, தகர டின் மாதிரி இருக்கும், ட்ரொப் பார் லீவருக்குப் போறது பேரிக்காய் வடிவம். கடையில கேக்கேக்க "ரோட் பிரேக் கேபிள்" எண்டு கேளுங்கோ, சில கேபிளில ரெண்டு முனையிலயும் ரெண்டு தலை இருக்கும், தேவையில்லாததை வெட்டிப்போட்டுப் பூட்டலாம். கியர் கேபிளுக்குத் தலை ஒண்டுதான், ரோட் மவுண்டன் வித்தியாசம் இல்ல, ஆனா பார் எண்ட் பாரின்ர முனையில இருந்து சுத்தி வாறதால நீளம் கூட வேணும், பழசு எட்டாது.

உள்கேபிள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கோ, வெள்ளவத்தையில கடலுக்குக் கிட்ட சைக்கிள் நிக்குதெண்டா இது கட்டாயம். சாதா கேபிள் உப்புக் காத்துக்கு உள்ளுக்குள்ளயே கறள் பிடிச்சு இறுகும், வெளியால பாத்தாத் தெரியாது, கியர் மேல ஏறும் ஆனா கீழ இறங்கச் சுணங்கும். அது தொடங்கினா ஷிஃப்டரைக் குறை சொல்லாம கேபிளைக் கழட்டிப் பாருங்கோ. வெளி உறையும் கியருக்கு எண்டு விக்கிறதையே வாங்கோணும், உள்ள கம்பி நேரா நீளத்துக்கு ஓடும், அழுத்தினாச் சுருங்காது. பிரேக் உறை சுருள் கம்பி, அதைக் கியருக்குப் போட்டா கிளிக் ஒருநாளும் நேரா விழாது. கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுறது அதை விட மோசம், இறுக்கிப் பிடிக்கேக்க வெடிச்சுப் பிரேக்கே இல்லாமப் போகும்.

பூட்டேக்க ஒரு விசயம். பார் எண்ட் பாரின்ர துளைக்குள்ள போய் விரிஞ்சு இறுகிற சாமான். லீவரைக் கழட்டினா உள்ள 6 மில்லி அலன் கீ போற இடம் தெரியும். ஷிமானோவில அதை இறுக்கிறது வழமைக்கு எதிர்ப்பக்கம், இடஞ்சுழியாத் திருப்போணும். சனம் வழமை மாதிரி வலப்பக்கம் திருப்பிப்போட்டு "இறுகுதில்ல, சாமான் பிழை" எண்டு நினைக்கும். முதல் சாமானைக் கோணாம நேரா நிமிர்த்தி வச்சு, இடஞ்சுழியா இறுக்குங்கோ, பிறகு லீவரைப் போடுங்கோ. டேப் சுத்த முதல் கேபிள் உறையைப் பாரோட இறுக்கமா ஒட்டுங்கோ, வளைவில கூர்மையா மடங்க விடாதேங்கோ.

ட்ரஃபிக்குக்கு என்ர பழக்கம் இதுதான்: சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னாலயே, வேகம் இருக்கேக்கயே, லீவரை ஒரே இழுவையில ரெண்டு மூண்டு கியர் குறைச்சுப்போட்டுக் கையைத் திரும்ப பிரேக்குக்குக் கொண்டுவந்திடுறது. பார் எண்டில ஒரு வீச்சில முழுக் கசெட்டையும் தாண்டலாம். கொழும்புக்குள்ள முன் ரிங்கைத் தொடவே தேவையில்ல, நடு ரிங்ல விட்டிட்டு வலது கையால மட்டும் ஓடுங்கோ. அப்ப இடது கை எப்பவும் முன் பிரேக்கில இருக்கிற மாதிரி, முன் பிரேக்கை இடது லீவருக்குக் கட்டுங்கோ. ஜப்பான் சைக்கிள் சிலதில முன் பிரேக் வலப்பக்கம் வரும், எப்பிடியும் புதுக் கேபிள்தானே போடுறீங்கள், இப்பவே மாத்துறது லேசு. மாத்தினாப் பிறகு முதல் கொஞ்ச நாள் உள் ஒழுங்கைகளில ஓடிக் கையைப் பழக்கிப்போட்டு காலி வீதிக்கு ஏறுங்கோ.

பின்னேர_ரைட்

இடது கைக்கு முன் பிரேக், நல்ல யோசினை அண்ணா, அப்பிடி எண்டா நான் சொன்ன பயத்துக்கு இடமில்ல. தம்பி, ஆர்எல்520 வாங்கேக்க ரப்பர் ஹூட் (லீவருக்கு மேல கை வைக்கிற உறை) கிழியாம இருக்கா எண்டு பாருங்கோ, நாள் முழுக்கக் கை அதிலதான் இருக்கப்போகுது.

லயத்து_ரோடு

பிஎஸ்64 பாவிச்சதுன்னா வலது லீவர்ல கிளிக் மோடுக்கும் ஃப்ரிக்‌ஷனுக்கும் மாத்துற அந்த வளையம் திரும்புதான்னு கடையிலயே பாருங்க, உப்புல இறுகி இருந்தா ஒரு சொட்டு எண்ணெய் விட்டு கொஞ்ச நேரம் வச்சா விடும், விடலைன்னா விலை குறைக்கச் சொல்லுங்க.

வெள்ளவத்தை_பெடல்

வளையம் திரும்புது, கிளிக் எட்டும் விழுது, இப்பதான் பாத்திட்டு எடுத்தனான். ஸ்டெம் 60 மில்லி நாளைக்குப் புறக்கோட்டைப் பக்கம் தேடப்போறன். கேபிள் அண்ணா, உறை வெட்டுறதுக்கு சாதா குறட்டால வெட்டினாக் காணுமா?

கேபிள்_கட்டர்

காணாது, முனை நசுங்கும், நசுங்கின முனை உள்கேபிளைப் பிடிக்கும். கேபிள் கட்டராலதான் வெட்டோணும், வெட்டினாப் பிறகு உள் பிளாஸ்டிக் துளையை ஒரு ஊசியால திறந்துவிட்டு, முனையை அரத்தில தட்டையா உரஞ்சி, மூடி போட்டு ஏத்துங்கோ. கட்டர் என்னட்ட இருக்கு, நான் பம்பலப்பிட்டியிலதான் இருக்கிறன், தேவையெண்டா தனி மெசேஜ் போடுங்கோ.